டீசல் எஞ்சினில் எத்தனால் எரியுமா?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எரிபொருள் தானாகவே பற்ற வேண்டும். அந்தத் தன்மையைக் காட்டும் சீட்டேன் எண் டீசலுக்குச் சுமார் 50. எத்தனாலுக்கோ 10-ஐ ஒட்டியே இருக்கிறது. பிறகு ஏன் அதை டீசலில் கலக்க வேண்டும்? எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கரும்புகை குறைகிறது. ஆனால் ஈரம் சேர்ந்தால் கலவை இரண்டாகப் பிரியும். வெளியே நெருப்புப் பட்டால் டீசலைவிட எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே எஞ்சினைத் தொடாமல் எரிபொருளை மட்டும் மாற்றுவது அரைத்தீர்வுதான்.

முழுத்தீர்வுக்குச் சுவீடன் சான்று. ஸ்டாக்ஹோமில் ஸ்கானியா பேருந்துகள் சுமார் 95 சதவீத எத்தனாலில் ஓடின. பற்றுதலைத் தூண்டும் சேர்பொருளும் 28:1 என்ற உயர்ந்த அழுத்த விகிதமும் அதைச் சாத்தியமாக்கின. ஒரு லிட்டர் டீசலின் ஆற்றலுக்கு ஏறத்தாழ 1.7 லிட்டர் எத்தனால் தேவை என்ற ஆட்சேபம் நியாயமானதே. எனினும் அது தொட்டியின் அளவைப் பற்றிய சிக்கல். எத்தனால் டீசல் எஞ்சினுக்கு ஆகாது என்பதற்கான சான்று அல்ல.