தேனீயை விரட்டும் இலை

அந்தமானின் ஓங்கே, ஜாரவா மக்கள் மலைத்தேன் எடுக்கையில் புகையை நம்பியிருப்பதில்லை. ஓரோபியா காட்சாலிக்கா என்ற செடியின் இலையை மென்று, சாற்றை உடம்பில் பூசிக்கொண்டு மரமேறுகிறார்கள். மீதியைக் கூட்டின் மேல் ஊதித் துப்புகிறார்கள். கொட்டுவதில் பேர்போன மலைத்தேனீ அடையை விட்டு விலகிவிடுகிறது. 1983-இல் 'பீ வேர்ல்டு' இதழில் இது பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. ஏலக்காய்க்கு உறவான அமோமம் அக்குலியேட்டம் செடிக்கும் இதே வேலை உண்டு.

ஓரோபியா, நம் சீத்தா, மனோரஞ்சிதத்தின் குடும்பம். இக்குடும்பத்து இலைகளில் எண்ணெய் தனித்தனிச் செல்களில் அடைபட்டிருக்கும். பல்லில் அரைபட்டதும் செல் உடைந்து, எளிதில் ஆவியாகும் பொருள்கள் கிளம்பும். தேனீக்கு மணமும் ஒரு மொழி. கூட்டத்துக்கு அது விடும் அபாய அறிவிப்பே வாழைப்பழ வாசனையுள்ள ஒரு வேதிப்பொருள்தான். ஓடி ஒளிய முடியாத செடி, பூச்சியையும் பூஞ்சையையும் சமாளிக்கத்தான் மணத்தைச் சுரக்கிறது. நமக்கு அது இனிப்பது தற்செயல்.

செடிகள் மணத்தைச் சுரப்பதைக் காட்டுக்குள் போகாமலும் பார்க்கலாம். ஸ்ரீ விஜயபுரத்தை (போர்ட் பிளேர்) ஒட்டிய புரோத்ராபூர், கராச்சர்மா வட்டாரம் உள்ளிட்ட தெற்கு அந்தமானில் தென்னை, பாக்குக்கு இடையே கிராம்பும் லவங்கப்பட்டையும் வளர்கின்றன. மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் கராச்சர்மாவில்தான் இருக்கிறது. லவங்கப்பட்டை மரம் ஒரு விந்தை: பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு, இலை எண்ணெயில் யூஜினால், வேர்ப்பட்டையில் கற்பூரம். ஒரே மரத்தில் மூன்று சரக்கு!

கிராம்பு எண்ணெயிலும் பெரும்பங்கு யூஜினால்தான். அது நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை அடைத்து வலியை மரக்கச் செய்கிறது. பல் மருத்துவர்கள் அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்குழியை அடைக்கிறார்கள். மீன் ஆய்வாளர்கள் தண்ணீரில் சில துளி கலந்து மீனை மயக்குகிறார்கள். அளவு மிஞ்சினால் மீன் செத்துப்போகும்.

ஆய்வகத் தட்டில் இந்த எண்ணெய்கள் பல பாக்டீரியாக்களைக் கொல்வது உண்மை. உடம்புக்குள்ளும் அப்படியே கொல்லும் என்ற விளம்பரத்தை மட்டும் நான் நம்புவதில்லை. விழுங்கியதைக் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடும்; கிருமியிடம் போய்ச் சேரும் அளவு வேறு.

இரண்டு தேக்கரண்டி கிராம்பு எண்ணெய் குடித்த சிறு குழந்தைக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவு உண்டு. பெரியவர்களின் பல்வலிக்குப் பஞ்சில் ஒரு சொட்டு போதும். புட்டியைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.