மல்லாட்டை பிடுங்க எது நல்ல நாள்?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில் தாமல் ஏரி பெரிதாக விரிந்து கிடக்கும். ஏரித் தண்ணீர் பாயும் வயலில் நெல். தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்துக்கு ஏற்றது வேர்க்கடலை. இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. நெல் முற்றியதைக் கதிரின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். மல்லாட்டை மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது! பிடுங்கும் நாளை எப்படிக் குறிப்பது?

வயலில் நாலைந்து இடத்தில் செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, தோட்டின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். வெள்ளையாகப் பஞ்சுபோல இருந்தால் பிஞ்சு. பழுப்பும் கருப்புமாகத் திட்டு விழுந்திருந்தால் முற்றல். பருப்பு பருக்கப் பருக்க டானின் என்ற பொருள் உட்சுவரில் சேர்வதால் வரும் நிறம் அது. நூற்றுக்கு 75 காயாவது கறுத்திருந்தால் பிடுங்கலாம்.

நூறும் கறுக்கட்டுமே என்கிறீர்களா? இந்தச் செடி ஒரே நாளில் பூத்து முடிப்பதில்லை. விதைத்த ஒரு மாதத்துக்குள் தொடங்கி, வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். கருவுற்ற பூ ஒரு விழுதைக் கீழே இறக்கும். அது மண்ணுக்குள் புகுந்து நுனியில் காயாகும். ஆக, ஒரே செடியில் அண்ணன் காயும் உண்டு, தம்பிப் பிஞ்சும் உண்டு. தம்பிக்காகக் காத்திருந்தால் அண்ணனின் விழுது நைந்துபோகும். செடி கையோடு வரும், காய் மண்ணிலேயே தங்கிவிடும். நடுவில் மழை பிடித்தால் இன்னும் மோசம். மல்லாட்டையின் கொத்து ரகங்கள் பலவற்றில் விதைக்கு உறக்கக் காலம் கிடையாது. ஈரம் பட்டதும் செடியிலேயே முளைவிட்டுவிடும்.

முந்திக்கொண்டால்? பிஞ்சுப் பருப்பு காயும்போது சுருங்கும்; எடையும் எண்ணெயும் குறையும்; விதைத்தாலும் சரியாக முளைக்காது. வேகவைத்துத் தின்ன மட்டும், என்னைக் கேட்டால், கொஞ்சம் இளங்காய்தான் ருசி. சர்க்கரை அதில்தான் கூடுதல்.

  

சரியான நாளில் பிடுங்கிவிட்டாலும் கவலை தீர்வதில்லை; காயை நன்றாகக் காயவைக்கவும் வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப்போயின. தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சை நஞ்சைச் சுரந்திருந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். தோடு விரிந்த காயிலும் ஈரம் போகாத காயிலும் இந்தப் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். அதனால்தான் பிடுங்கியதும், குலுக்கினால் உள்ளே பருப்பு ‘கலகல’க்கும்வரை காயவைக்கிறார்கள். அடுத்த பட்டத்துக்கான விதையை உடைக்காமல், தோட்டோடு மூட்டை கட்டி வைக்கிறார்கள்.