வாளுக்கு லீவு... அடுப்புக்கு வேலை!

ஃபேன்டஸி கதைன்னா என்ன இருக்கும்? டிராகன் நெருப்பைக் கக்கும், ராஜ்ஜியம் சரியும், கடைசி சேப்டர்ல ஹீரோ ரத்தம் சொட்டச் சொட்ட நிப்பார். இந்த வெட்டுக்குத்தெல்லாம் சலிச்சுப்போன ஒரு வீராங்கனை, வாளை ஓரமா வெச்சுட்டு காபி கடை போட்டா? அதான் பாஸ், 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்'!

எழுதியவர் அமெரிக்காவின் டிராவிஸ் பால்ட்ரீ. கேம் டெவலப்பரா இருந்து, ஆடியோ புத்தகங்களுக்குக் குரல் கொடுக்க வந்தவர். 2022 பிப்ரவரியில் தானே இந்த நாவலை வெளியிட்டார். படிச்சவங்க பத்துப் பேர்கிட்ட சொல்ல, புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. அதே வருஷம் நவம்பரில் 'டோர்' பதிப்பகம் மறுபடி வெளியிட்டது. 2023-ல் ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது!

இந்த வகைக் கதைகளுக்குப் பேரு 'கோஸி ஃபேன்டஸி'. மாயாஜாலம் உண்டு, உலகம் அழியுற டென்ஷன் கிடையாது. கடை ஓடுமா, பன் உப்புமா என்பதுதான் கவலையே!

மோகினிக்கும் மனசு உண்டு

ஹீரோயின் விவ், ஓர்க் இனம். அவளைப் பார்த்தாலே ஊர் மிரளும். கடைக்கு வேலைக்கு வரும் டாண்ட்ரியோ, நம்ம ஊர் மோகினி மாதிரி ஆளை மயக்கும் இனம்னு முத்திரை குத்தப்பட்டவள். ஒருத்தியைக் கண்டா பயம், இன்னொருத்தியைக் கண்டா சந்தேகம். டாண்ட்ரி பலகையில மெனு எழுத, விவ் காபி போட, எலி முகத்தோட ஒரு பேக்கரி மாஸ்டர் சுடும் சினமன் பன்னுக்கு ஊரே க்யூ கட்டுது. நடுவுல சத்தமில்லாம பூக்குது காதல். டூயட் இல்ல, லவ் லெட்டர் இல்ல. பிறந்த இனத்தை வெச்சு எடை போடாம, 'நீ யாரு'ன்னு பார்க்க ஒரு ஆள் கிடைச்சதுதான் அங்க ரொமான்ஸ்!

பரிசு... ஒரு கேக் ஸ்டாண்டு!

நிஜத்துல இந்த வாசனை வேணும்னா பிரிட்டனின் 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' போட்டியைப் பாருங்க. 2010-ல் பிபிசியில் ஆரம்பிச்சு, 2017-ல் சேனல் 4-க்கு மாறியது. புல்வெளியில் வெள்ளைக் கூடாரம், உள்ளே தொழில்முறை அல்லாத சாதாரண ஆட்கள், வாரத்துக்கு மூணு ரவுண்டு. நடு ரவுண்டுல கையில கொடுக்கும் செய்முறையில பாதி விஷயம் இருக்காது. ஜெயிச்சா கோடி ரூபாயா? ம்ஹூம்... பூங்கொத்தும் ஒரு கேக் ஸ்டாண்டும்தான்!

2015-ல் அதை ஜெயிச்சவர் நாடியா ஹுசைன். பங்களாதேஷ் வம்சாவளி, மூணு குழந்தைகளுக்கு அம்மா, ஹிஜாப் அணிந்தவர். இறுதிச் சுற்றை ஒரு கோடிக்கும் மேற்பட்டவங்க பார்த்தாங்க. அடுத்த வருஷமே ராணி எலிசபெத்தின் 90-வது பிறந்தநாளுக்கு கேக் செய்தார். திடீர் திடீர்னு பீதி தாக்கும் பிரச்னை தனக்கு இருப்பதை, 2019-ல் பிபிசி ஆவணப்படத்தில் வெளிப்படையாகவே பேசினார். பரிசு சின்னதுதான். ஆனா அந்த மேடை ஏற அவருக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டிருக்கும்!

மாவு பிசையும் மந்திரவாதி

'இதெல்லாம் ஓவர் ஸ்வீட்டு'ன்னு முகம் சுளிக்கிற பார்ட்டியா நீங்க? டி. கிங்ஃபிஷரின் 'எ விசார்ட்ஸ் கைடு டு டிஃபென்சிவ் பேக்கிங்' (2020) படிங்க. 14 வயசு மோனாவின் மந்திரம் மாவுல மட்டும்தான் பலிக்கும். எதிரி வரும்போது நகரத்தைக் காப்பாத்தும் பொறுப்பு அவ தலையில விழுது. அவளுக்கோ பெருமையைவிடக் கோபம்தான் அதிகம். 'பெரியவங்க செய்ய வேண்டிய வேலையை ஏன் ஒரு சின்னப் பொண்ணு செய்யணும்?' நியாயமான கேள்விதானே!

அரியர், இன்டர்வியூ, கல்விக்கடன்னு நமக்கும் தினம் தினம் போர்தான். செமஸ்டர் லீவுல இதுல ஒண்ணை எடுத்துப் பாருங்க. ஒரே ஒரு எச்சரிக்கை... வெறும் வயித்தோட படிக்காதீங்க. ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல் மெஸ்ஸுல சினமன் பன் கிடைக்காது!