பிரிண்டருக்காக ஃபயர்வாலை ஆஃப் செய்யாதீர்கள்!

பேரையூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் சந்தேகம் இது. ஒரு கம்ப்யூட்டரில் இணைத்த பிரிண்டரை ஷேர் செய்த பின்னும், வைஃபையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் வருவதில்லை. பலர் ஃபயர்வாலையே ஆஃப் செய்துவிடுகின்றனர். அது தேவையில்லை.

ஃபயர்வால் வெளியே செல்வதைப் பொதுவாகத் தடுக்காது; அழையாமல் உள்ளே வருவதைத்தான் தடுக்கும். எனவே, பிரிண்டர் இணைந்துள்ள கம்ப்யூட்டரில் மட்டும் மாற்றம் செய்தால் போதும்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில், வீட்டு வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் சென்று "பிரைவேட் நெட்வொர்க்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் திறந்து, இடப்பக்கம் "அலவ்" எனத் தொடங்கும் வரியில் கிளிக் செய்யுங்கள். சேஞ்ச் செட்டிங்ஸ் அழுத்தி, "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" வரியில் பிரைவேட் கட்டத்தில் மட்டும் டிக் செய்து ஓகே கொடுங்கள். பப்ளிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

இந்த ஷேரிங் 445 என்ற போர்ட், அதாவது வாசல் வழியே நடக்கிறது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்களில் இதே வாசல் வழியாகப் புகுந்துதான் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. எனவே வாசலை வீட்டாருக்கு மட்டும் திறங்கள், அப்டேட்டையும் தவறவிடாதீர்கள்.