ஹை-ஃபை செட்டுக்கும் பொருத்தம் பாருங்கள்!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஹை-ஃபை செட் வாங்கும்போது மட்டும், "எத்தனை வாட்ஸ்?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் நம் வீட்டு ஆண்கள்! பொருத்தம் பார்க்காவிட்டால் பணமும் பாழ், காதும் பாழ்.

செட் என்பது மூன்று பேர் கொண்ட குடும்பம். பாட்டை எடுத்துக் கொடுப்பது ரிக்கார்டு பிளேயர் அல்லது சி.டி. பிளேயர். அதைப் பலப்படுத்துவது ஆம்ப்ளிஃபயர். நம் காதில் சேர்ப்பது ஸ்பீக்கர்.

முதலில் ஸ்பீக்கர்

பட்ஜெட்டில் ஏறக்குறையப் பாதியை ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள். 10-க்கு 12 அடி ரூமில் ஆளுயர ஸ்பீக்கர் வைத்தால், 'தம் தம்' என்ற அதிர்வில் பாடுகிறவர் குரலே அமுங்கிப் போகும். அலமாரியில் வைக்கும் சின்ன ஜோடியே போதும்.

ஓம் பொருத்தம்

ஸ்பீக்கரின் பின்பக்கம் 4, 6, 8 ஓம் என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரில் 'குறைந்தது 6 ஓம்' என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். கரண்ட் அதிகம் இழுத்துச் சூடாகி, கருகியும் போகலாம். 8 ஓம் ஸ்பீக்கர் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும்.

வாட்ஸ் மயக்கம்

50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பானேன்? அதைவிட, ஸ்பீக்கரின் 'சென்ஸிடிவிட்டி' எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 85-ஐ விட 88 உள்ளது பாதி வாட்ஸிலேயே அதே சத்தம் தரும்.

பழைய ரிக்கார்டுகள்

மாமனார் ஆசையாகச் சேர்த்து வைத்த ரிக்கார்டுகள் பரணில் இருக்கின்றனவா? 1948-ல் வந்த எல்.பி., நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். அதற்கு முந்தைய 78 சுற்று ரிக்கார்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஊசியே வேறு. தேய்ந்த ஊசி ரிக்கார்டையே சுரண்டிவிடும். போன பாட்டு திரும்பி வராது!

ரிக்கார்டு பிளேயரிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்று எழுதிய இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லாமல், பிளேயருக்குள்ளும் அந்த வசதி இல்லையென்றால், சின்ன ஃபோனோ பிரீ-ஆம்ப் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

கடையிலும் வீட்டிலும்

நமக்குப் பழகிய பாட்டைக் கையோடு கொண்டு போய், "இதைப் போடுங்க, கேட்கிறோம்" என்று சொல்லுங்கள். இரண்டு செட்டையும் ஒரே சத்தத்தில் கேட்க வேண்டும். சத்தம் கூடியது எதுவும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்!

வீட்டில் மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறினாலும் மிருதங்கத்தின் 'தொம்' காணாமல் போகும். இரண்டு ஸ்பீக்கரும் நம் நாற்காலியும் முக்கோணமாக இருக்கட்டும். மொசைக் தரை எதிரொலித்தால் ஜமக்காளம் விரியுங்கள், திரை போடுங்கள். செலவில்லாத வைத்தியம்!

கடைசியாக, காது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். பக்கத்திலிருப்பவரிடம் கத்திப் பேச வேண்டி வந்தால் உடனே சத்தத்தைக் குறையுங்கள். ஸ்பீக்கர் கெட்டால் வேறு வாங்கலாம். காது?