கல்யாணம் ஆனால் வரிக் கணக்கும் மாறும்

தாலி ஏறிய நாளிலிருந்து குடும்பத்தில் அடுப்பு ஒன்று, கூரை ஒன்று. ஆனால் வருமான வரிக் கணக்கு மட்டும் தானாக ஒன்றாகிவிடுவதில்லை. சொந்தத் தொழில் செய்யும் தம்பதியர் இதை அறியாமல் இருந்தால், கட்ட வேண்டாத வரியைக் கட்ட நேரிடும்.

“வரியெல்லாம் பணக்காரர்களுக்கு, நமக்கென்ன?” என்று தள்ளிவிடாதீர்கள். பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று சொந்த லோரி ஓட்டுகிறார்கள். புல் வெட்டக் குத்தகை எடுக்கிறார்கள். தாய்மார்கள் ரவிக்கை தைக்கிறார்கள். பலகாரம் சுட்டு விற்கிறார்கள். இவையெல்லாம் தொழில் வருமானமே. சம்பளக்காரருக்கு பிஇ பாரம். தொழில் செய்பவருக்கு பி பாரம். பி பாரத்தின் கெடு ஜூன் 30.

முன்பெல்லாம் மனைவியின் வருமானத்தைக் கணவரின் வருமானத்தோடு சேர்ப்பதே பொது வழக்கம். 1991 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது மாறிவிட்டது. மனைவி சம்பாதித்தது மனைவியின் பெயரில், கணவர் சம்பாதித்தது கணவரின் பெயரில். இருவரும் விரும்பினால் மட்டுமே பாரத்தில் குறிப்பிட்டு ஒன்றாகச் சேர்க்கலாம். எது லாபம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கின் அடிப்படை இதுதான். செலவு போக நிற்கும் லாபத்தில் ஒவ்வொருவருக்கும் 9,000 வெள்ளி கழிவு உண்டு. மனைவிக்கு வருமானமே இல்லையென்றால் கணவருக்கு மேலும் 4,000 வெள்ளி கழியும். மிஞ்சும் தொகையில் முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 15,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கடுத்த 15,000 வெள்ளிக்கு 3 விழுக்காடு. அதற்கும் மேற்பட்ட 15,000 வெள்ளிக்கு, 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல், 6 விழுக்காடு.

லோரிக்காரர் ஒருவருக்கு ஆண்டு லாபம் 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மணமாகாதவரானால் வரி 960 வெள்ளி. மணமாகி, மனைவிக்கு வருமானம் இல்லையென்றால் 720 வெள்ளி. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் இருந்தால், ஆளுக்கு 2,000 வெள்ளி மேலும் கழியும். அப்போது மிஞ்சுவது 33,000 வெள்ளி. அதற்கு வரி 540 வெள்ளி. மிஞ்சும் தொகை 35,000 வெள்ளியைத் தாண்டாததால், வரியிலேயே அவருக்கு 400, மனைவிக்காக 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆக, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை!

இனி, இருவரும் உழைக்கும் குடும்பத்தைப் பாருங்கள். கணவரின் லாபம் 40,000 வெள்ளி, தையலில் மனைவியின் லாபம் 20,000 வெள்ளி. தனித்தனியாகக் காட்டினால், தள்ளுபடி போகக் கணவருக்கு வரி 80 வெள்ளி, மனைவிக்கு ஒன்றுமில்லை. சேர்த்துக் காட்டினாலோ 1,320 வெள்ளி! “ஒரே குடும்பந்தானே” என்று ஒரே பாரத்தில் எழுதியதற்குக் கூலி 1,240 வெள்ளி. ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகுமல்லவா அந்தப் பணம்?

அதற்காகச் சேர்ப்பதே தவறு என்று எண்ண வேண்டாம். மனைவியின் லாபம் ஆண்டுக்கு 3,000 வெள்ளிதான், கணவருக்கு 46,000 வெள்ளி என்றால், தனித்தனியே காட்டும்போது கணவர் 720 வெள்ளி கட்ட வேண்டும். சேர்த்தால் மனைவிக்கான 4,000 வெள்ளிக் கழிவு கிடைத்து, வரி 660 வெள்ளியாகக் குறையும். ஆகவே ஆண்டுதோறும் இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கான கழிவை மட்டும் இருவரும் முழுமையாக எடுக்க முடியாது. யார் எடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியாக இருந்தால் போதாது. கையில் ஆதாரமும் வேண்டும். 1982 மார்ச் 1 முதல் நம் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு நிற்காமல் தேசியப் பதிவிலாகாவில் பதிந்து, சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். தொழிலின் வரவு செலவுப் புத்தகத்தையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்காகக் கல்லாவிலிருந்து எடுக்கும் பணம் தொழில் செலவாகாது. இருவரும் கூட்டாகவே கடை நடத்தினால், பங்குத் தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். அப்போது பங்குத் தொழிலுக்கு பி பாரம் அல்ல, பி என்னும் எழுத்தின் ஒலியிலேயே வரும் வேறொரு பாரம் உண்டு. அலுவலகத்தில் “பங்குத் தொழில் பாரம்” என்று கேட்டு வாங்குங்கள். அவரவர் பங்கு லாபத்தை அவரவர் தம் சொந்தப் பாரத்தில் காட்ட வேண்டும்.

தாய்மார்களே, தையல் மிஷினில் வந்த காசு சிறிதானாலும் உங்கள் பெயரில் எழுதி வையுங்கள். நாளை கடனுக்கு வங்கிக்குப் போனால், வருமானத்துக்குச் சான்றாக அந்தப் பாரமே உங்களுக்காகப் பேசும். கணவன்மார்களே, கெடு நெருங்கும்வரை காத்திராமல், ஓர் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு உட்கார்ந்து இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். உழைத்த காசு வீட்டிலேயே நிற்கட்டும்.