பாலாடையும் பம்ப்பும்: தாய்ப்பாலை எடுத்து வைக்கத் தொடங்குவது எப்போது?

தலைநகரில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் பிரசவம் என்றால், ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவது வழக்கம். பெட்டியில் பிரசவ லேகியம், பூண்டு, பெருங்காயம் எல்லாம் இருக்கும். இப்போது அந்த வரிசையில் தாய்ப்பால் உறிஞ்சும் பம்ப்பும் சேர்ந்துவிட்டது. வளைகாப்புக்கே பரிசாகக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், நல்ல சாமான்தான். ஆனால் அதை எந்த நாளில் கையில் எடுப்பது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு வேறு பதில் வருகிறது.

இதைப்பற்றி ஓர் ஆண்பிள்ளை, அதுவும் பாத்திர வியாபாரி, எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாற்பது வருஷம் பாலாடை விற்றவனுக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட வரையில், நம்மவர்கள் இந்த விஷயத்தைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அவசரமே தேவையில்லாத வீட்டில் மூன்றாம் நாளே பம்ப் ஓடுகிறது. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாத இடத்தில், "முதல்ல பால் ஊறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருக்கிறார்கள்.

காரணம் விளங்க, பால் சுரக்கும் முறையைச் சிறிது பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே சீம்பால் உண்டாகத் தொடங்கிவிடுகிறது. பிரசவமாகி நஞ்சு வெளியேறியதும் ப்ரொஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு சட்டென்று இறங்குகிறது. அதுவரை அடங்கியிருந்த ப்ரொலாக்டின் தன் வேலையைத் தொடங்குகிறது. 2 முதல் 5 நாளுக்குள் மார்பு கனத்துப் பால் இறங்கும். இதுவரை நடப்பது உடம்பு தானாகச் செய்வது. அதற்குப் பின் கணக்கு மாறிவிடும். எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு ஊறும். தேங்கி நின்றால் சுரப்பு குறையும். இறைக்கிற கிணறு ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

குழந்தை நிறைமாதத்தில் பிறந்து, தாயிடம் இருந்து, நன்றாகச் சப்புகிறது என்றால் இறைக்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, இங்கே வடக்கே தேனும் குட்டியும் கொடுப்பது எதுவும் வேண்டாம். இப்படிப்பட்ட குழந்தைக்கு முதல் 4 முதல் 6 வாரம் பம்ப்பை அலமாரியிலேயே வைத்திருக்கலாம். அந்த வாரங்களில்தான் குழந்தையின் தேவையும் தாயின் சுரப்பும் ஒன்றுக்கொன்று அளவு பிடித்துக்கொள்கின்றன. நடுவில் யந்திரமும் இழுத்தால், உடம்பு இரட்டைக் குழந்தை என்று எண்ணிச் சுரக்க ஆரம்பிக்கும். பால் கட்டி, வலியும் காய்ச்சலும் வந்து, சில பேருக்கு மார்பில் சீழ் வைக்கும் அளவுக்குப் போய்விடுகிறது.

அப்படியும் மூன்றாம் நாளே ஏன் பம்ப் வைக்கிறார்கள்? பயம்தான். "பால் பத்தல, குழந்தை அழுதுகிட்டே இருக்கு" என்று பாட்டி சொல்வார். பம்ப் வைத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு நாலு சொட்டு வரும். உடனே பவுடர் டப்பா வந்துவிடும். முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லிதான் கொள்ளும், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல். பம்ப்பில் தெரிகிற அளவு தாயின் சுரப்புக்கு அளவுகோலே அல்ல. ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட்டதா, இவை இரண்டும்தான் சாட்சி. எடை திரும்பவில்லை என்றால் பாட்டியை அல்ல, டாக்டரைக் கேட்க வேண்டும். பால் கட்டிக் குழந்தை வாய் வைக்க முடியாமல் போனால் மட்டும், இறுக்கம் தளரும் வரை கையால் கொஞ்சம் எடுத்துவிடலாம். முழுதும் காலி செய்ய வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். குழந்தை குறைமாதம், அல்லது எடை குறைவு, அல்லது மூச்சுத் திணறல் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தாய் ஒரு மாடியில், பிள்ளை ஒரு மாடியில். வாய் வைத்து இறைக்க ஆள் இல்லை. இங்கே பிரசவமான முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே, மிஞ்சினால் 6 மணி நேரத்துக்குள், தொடங்க வேண்டும். முதல் இரண்டு நாளைக்கு யந்திரத்தைவிடக் கைதான் உசத்தி. சீம்பால் கெட்டியானது, பம்ப்பின் குழாயில் ஒட்டியே வீணாகிவிடும். கையைக் கழுவி, கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் எதிரெதிரே வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 8 தடவைக்குக் குறையாமல், இரவில் ஒரு தடவையாவது எடுக்க வேண்டும். ப்ரொலாக்டின் இரவில்தான் அதிகம். பால் இறங்கியபின் பம்ப்பைப் பிடித்துக்கொள்ளலாம். அப்போது அது நிஜமாகவே வரப்பிரசாதம். இந்த முதல் நாட்களில் காத்திருந்தவர்களுக்குப் பின்னால் எத்தனை பூண்டு சாப்பிட்டாலும் சுரப்பை ஏற்றுவது கஷ்டம்.

அந்த நாலு சொட்டுக்கு என்ன மதிப்பு என்பதை இதே டெல்லியில்தான் சோதித்துப் பார்த்தார்கள். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிழிந்தெடுத்த தாய்ப்பாலை ஓரளவாவது கொடுத்தபோது நோய்த்தொற்று குறைந்ததை, டாக்டர் இந்திரா நாராயணனும் உடன் பணியாற்றியவர்களும் 1980-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். குறைமாதக் குழந்தைகளின் குடல் புண்பட்டு அழுகும் ஒரு கொடிய நோய் உண்டு. அதற்கும் தாய்ப்பால் பெரிய காப்பு.

எடுத்த பாலை எப்படிப் புகட்டுவது? இங்கேதான் நம் பெருமை. மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடை, நம் பாட்டிமார் சங்குக்குப் பதில் வைத்துக்கொண்ட சாமான், இன்று இந்தியா முழுதும் சிசு பராமரிப்புப் பிரிவுகளில் பழகுகிறது. ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் அதே பெயர்தான். கடைக்கு வரும் பஞ்சாபிக்காரர் டாக்டர் சீட்டைக் காட்டி "பலடாய்" என்று கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. புட்டியைவிட இதைக் கொதிநீரில் சுத்தம் செய்வது சுலபம். குழந்தை காம்பை மறந்துபோகும் பயமும் குறைவு.

தாய்க்கே பால் இல்லாத நிலை வந்தால் வங்கிப்பால் இருக்கிறது. பழைய நூல்கள் சொல்லும் ஐவகைத் தாயரில் பாலூட்டுபவள் ஒருத்தி. அந்த இடத்தை இன்று வங்கி பிடித்திருக்கிறது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில், டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கியது. நம் டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் நார்வே நாட்டு உதவியோடு 2017-ல் 'வாத்ஸல்ய மாத்ரி அம்ருத் கோஷ்' திறக்கப்பட்டது. தானம் கொடுக்கும் தாய்மார்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவருவதும் இதுவும் ஒன்றல்ல.

வேலைக்குப் போகும் பெண்களின் கணக்கு தனி. 1961-ம் வருஷச் சட்டம் 12 வார விடுப்பு தந்தது. 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமானது. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டால் பின்னால் மிஞ்சுவது 18 வாரம், நாலு மாதம்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பதால், நடுவே வரும் இரண்டு மாதத்துக்குத்தான் பம்ப் தேவை. வேலைக்குத் திரும்ப 2, 3 வாரம் இருக்கும்போது தொடங்கினால் போதும். காலையில் குழந்தை குடித்து முடித்தபின் ஒரு வேளை எடுத்துப் பழகலாம். ஒப்பந்த வேலையில் இருக்கும் பெண்கள் பலருக்கு இந்த 26 வாரமே கிடைப்பதில்லை. அவர்கள் ஆறாவது வாரத்திலேயே தொடங்க வேண்டியிருக்கிறது. நொய்டாவுக்கும் குர்கானுக்கும் மெட்ரோவில் போய்வரும் பெண்ணுக்கு, கதவு சாத்திய ஓர் அறையும் ஒரு ஃபிரிட்ஜும் ஆபீசில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

எடுத்த பால் எத்தனை நேரம் தாங்கும்? எங்கள் சமண வீடுகளில் ஒவ்வொரு உணவுக்கும் காலவரம்பு உண்டு. கறந்த பாலை ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள் காய்ச்சிவிட வேண்டும் என்பது விதி. அதனால் ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் என்றாலே பெரியவர்கள் தயங்குகிறார்கள். அந்த விதி மாட்டுப்பாலுக்கு. தாய்ப்பாலில் கிருமியை எதிர்க்கும் சரக்கு தானாகவே இருக்கிறது. காய்ச்சினால் அது கெட்டுவிடும். வெளியே 25 டிகிரி வரை 4 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. மே மாத டெல்லிக்கு இது செல்லாது. எடுத்த உடனே ஃபிரிட்ஜின் கதவில் அல்லாமல் உள்பக்கமாக வைக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் அங்கே 4 நாள். நம் மருத்துவமனைகள் பல 24 மணி நேரம் என்கின்றன. மின்வெட்டு வரும் ஊரில் நான் 24 மணி நேரத்தையே பிடித்துக்கொள்வேன். பாட்டில்மேல் தேதியும் நேரமும் எழுதி, பழையதை முதலில் எடுக்க வேண்டும், கடையில் சரக்கு அடுக்குகிற மாதிரி. கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்துக் குளிர் போக்கினால் போதும். மைக்ரோவேவ் கூடாது. குழந்தை வாய் வைத்து மீந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.